பேட்டரி பொம்மை ரயில்: கடற்கரை ஊர்களில் திருத்தவும் மாற்றியமைக்கவும் சேகரிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேசுவரம், கீழக்கரை, தேவிபட்டினம் எனக் கடலை ஒட்டியும் கடலுக்கு அருகிலும் உள்ள ஊர்களில் பேட்டரி ரயில்களைத் திருத்தத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வண்டி மெதுவாக ஓடினாலோ நின்றுவிட்டாலோ, "மோட்டார் போயிருச்சுண்ணே" என்று முடிவுகட்டி முதல் வேலையாக மோட்டாரை மாற்றிவிடுகிறார்கள். புதிய மோட்டார் சில நாள் வேகமாக ஓடும். பிறகு அதுவும் சோர்ந்துவிடும். உண்மையான குறை மோட்டாரில் இல்லாமல், உப்புக்காற்று அரித்த தகட்டிலும் மணல் ஏறிய அச்சிலும் இருந்ததே காரணம்.

ஆகவே இந்த வேலையில் வரிசைதான் எல்லாவற்றுக்கும் மேலானது. மின்சாரம் வீணாகும் இடங்களை முதலில் சரிசெய்ய வேண்டும். அடுத்து உராய்வைக் குறைக்க வேண்டும். அதற்கடுத்து சக்கரத்தின் பிடிப்பைக் கவனிக்க வேண்டும். இவை மூன்றும் முடிந்த பிறகே மோட்டாரையும் பேட்டரியையும் தொட வேண்டும்.

இங்கே சொல்லப்படுபவை, ஒன்று அல்லது இரண்டு பென்சில் பேட்டரியில், பிளாஸ்டிக் தண்டவாளத்தின் மேல் ஓடும் பொம்மை ரயில்களுக்கானவை. தண்டவாளத்திலிருந்தே 12 வோல்ட் மின்சாரம் எடுத்து ஓடும் மாதிரி ரயில்களுக்கு முறை வேறு.

1. எந்த வண்டியில் தொடங்குவது

முதல் வண்டி விலை குறைந்ததாகவும், ஒட்டாமல் திருகாணியால் மூடப்பட்டதாகவும் இருக்கட்டும். பசை போட்டு ஒட்டிய உடலைப் பிளந்து திறந்தால் திரும்பச் சேர்ப்பது கடினம்.

ராமேசுவரம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளிலும் ஊர்த் திருவிழாக் கடைகளிலும் கிடைக்கும் வட்டத் தண்டவாள ரயில்கள் பழகுவதற்குப் போதுமானவை. கீழக்கரைப் பக்கம் வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் உறவினர்கள் கொண்டுவந்த நல்ல தரமான வண்டிகள் பல வீடுகளில் பரண் மேல் கிடக்கும். அவற்றைக் கைபழகிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ இருந்தால் அஞ்ச வேண்டாம், அதை நீக்கலாம். ஆனால் தகடே அரித்து ஓட்டை விழுந்திருந்தாலும், வண்டியைக் கவிழ்த்து முகரும்போது கருகிய வாடை வந்தாலும், உதிரிபாகங்களுக்கான விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். முடிந்தால் ஒரே வகை வண்டியில் இரண்டு வாங்குங்கள். இந்த வண்டிகளுக்குத் தனி உதிரிபாகம் கடையில் கிடைப்பது அரிது. இரண்டாவது வண்டிதான் உங்கள் உதிரிபாகக் கடை.

2. முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டியவை

சிறிய நட்சத்திர முனைத் திருப்புளி இரண்டு அளவில், மூக்குக் குறடு, சாமணம், மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், மெல்லிய சால்டர் ஈயம், பழைய பல்துலக்கி, காது குடையும் பஞ்சுக்குச்சி ஆகியவை வேண்டும். சில வண்டிகளின் திருகாணித் தலை முக்கோண வடிவில் இருக்கும். அதற்குரிய முனை இல்லாமல் குறடால் திருக முயன்றால் தலை மழுங்கிப் பிறகு எதற்கும் வராது.

திரவங்களில் ஐசோபுரோபைல் ஆல்கஹால், வெள்ளை வினிகர், ஆப்பச் சோடா, சிலிக்கான் கிரீஸ், தையல் மிஷின் எண்ணெய் ஆகியவை போதும். இவற்றோடு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீர் ஒரு லிட்டர் வாங்கிவையுங்கள். நம் பகுதியில் பெரும்பாலான ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதில் கழுவிக் காயவைத்தால், நீக்க வந்த உப்பை நாமே திரும்பப் பூசியதாகிவிடும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். புதியவர்கள் கைக்கு அருகில் இருப்பதால் அதையே எடுக்கிறார்கள்; அது நாளடைவில் பிசுபிசுத்து, தூசியையும் மணலையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

3. திறப்பதற்கு முன் அளந்து எழுதுங்கள்

பெரும்பாலோர் தாண்டிச் செல்லும் படி இது. அளக்காமல் திறந்தால், செய்த வேலையால் வண்டி தேறியதா என்பது கடைசிவரை தெரியாது.

முதலில் புதிய பேட்டரி போட்டு, வட்டத் தண்டவாளத்தில் பத்துச் சுற்று ஓட எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சுற்றை அளந்தால் கைத்தவறு அதிகம்.

அடுத்து, வண்டி எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று பாருங்கள். விசிட்டிங் கார்டில் பேட்டரி அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதன் இரு பக்கமும் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டுங்கள். இரண்டு தாளும் ஓரத்தில் ஒன்றையொன்று தொடக் கூடாது. இந்தத் துண்டைப் பேட்டரியின் முனைக்கும் தகட்டுக்கும் இடையில் செருகி, இரு பக்கத் தாளிலும் மல்டிமீட்டரின் முனைகளைப் பொருத்தினால், ஓடும் மின்னோட்டம் முழுவதும் மீட்டர் வழியே செல்லும். மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். சிவப்பு வயரையும் அதற்குரிய துளையில் மாற்றிச் செருகுங்கள். மில்லிஆம்பியர் துளையில் விட்டுவிட்டு அளந்தால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

கிடைக்கும் எண்ணை இப்படிப் படிக்க வேண்டும். மின்னோட்டம் குறைவு, ஓட்டமும் மெது என்றால் தகடு, ஸ்பிரிங், சுவிட்ச் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தடுக்கிறது. மின்னோட்டம் அதிகம், ஓட்டம் மெது என்றால் அச்சிலோ பல்சக்கரத்திலோ உராய்வு இருக்கிறது. மின்னோட்டம் குறைவு, மோட்டார் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது, வண்டி நகரவில்லை என்றால் பினியன் (மோட்டார் அச்சில் உள்ள சிறிய பல்சக்கரம்) வெடித்திருக்கிறது அல்லது சக்கரம் வழுக்குகிறது. மின்னோட்டமே இல்லை என்றால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. இந்த நான்கு நிலைகளையும் மனதில் பதித்துக்கொண்டால் பாதிக் குறைகளைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம்.

4. பிரித்தல்

தரையில் உட்கார்ந்து பிரிக்க வேண்டாம். நம் வீடுகளில் எத்தனை முறை பெருக்கினாலும் மணல் நெருடிக்கொண்டேயிருக்கும். கிரீஸ் தடவிய பல்சக்கரம் ஒரு முறை தரையில் உருண்டால் போதும். மேசையின் மேல் வெளிர்நிறத் துணி விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

ஒவ்வொரு அடுக்கைத் திறந்ததும் அலைபேசியில் ஒரு படம் எடுங்கள். வயர் எந்தப் பக்கம் வளைந்து செல்கிறது, எந்தப் பல்சக்கரத்தின் மேடான பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்பவை படத்தில் தெரிய வேண்டும். திருகாணிகளின் நீளம் ஒன்றுபோல இருக்காது. நீளமானதைக் குட்டையான இடத்தில் முடுக்கினால் அது உடலைத் துளைத்து வெளியே வரும்.

5. பேட்டரிப் பெட்டி, தகடு, ஸ்பிரிங்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

ஒற்றைப் பேட்டரி வண்டியின் மொத்த மின்னழுத்தமே 1.5 வோல்ட்தான். துருவேறிய ஸ்பிரிங்கிலும் சுவிட்சிலும் 0.3 வோல்ட் இழந்தால், மோட்டாருக்குப் போக வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. 12 வோல்ட் வண்டியில் அதே 0.3 வோல்ட் இழப்பு கண்ணுக்கே தெரியாது. சிறிய பொம்மை ரயில்கள் கடற்கரையில் இத்தனை விரைவாகச் சோர்ந்துபோவதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

இழப்பை அளப்பது எளிது. வண்டியின் மேலுடலைக் கழற்றி, சக்கரத்தை விரலால் மெல்லத் தடுத்து மோட்டாருக்குச் சற்றுச் சுமை கொடுத்தபடி, பேட்டரியின் இரு முனைகளிலும் மின்னழுத்தத்தைப் பாருங்கள். பிறகு அதே நிலையில் மோட்டாரின் இரு முனைகளிலும் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் வழியில் வீணாவது. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் இருந்தால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு, மறுமுனையைத் தகடு, ஸ்பிரிங்கின் அடி, சுவிட்சின் முன்பக்கம், பின்பக்கம் என வரிசையாக நகர்த்துங்கள். எண் எங்கே குதிக்கிறதோ அங்கேதான் குறை.

கசிந்த பேட்டரியின் கறையை நீக்குவதற்கு முன் அது எந்த வகைப் பேட்டரி என்று பாருங்கள். அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம். அதற்கு வினிகரைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தடவ வேண்டும். விலை குறைந்த சாதாரணப் பென்சில் பேட்டரியிலிருந்து கசிவது அமிலத் தன்மை உடையது. அதற்கு ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். மாற்றித் தடவினால் கறை போகாமல் அரிப்பே கூடும். கையுறை அணிந்துகொள்ளுங்கள். பிறகு வாலைவடிநீரால் துடைத்து, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து நன்கு உலரவிடுங்கள்.

உப்புத்தாள் கொண்டு தகட்டைத் தேய்ப்பதுதான் மிகப் பரவலான தவறு. தேய்த்தவுடன் பளபளக்கும், வண்டியும் ஓடும். ஆனால் இரும்பின் மேல் இருந்த நிக்கல் பூச்சு அதோடு போய்விடும். பூச்சு இழந்த இரும்பு நம் காற்றில் வெகுசீக்கிரத்தில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். பூச்சு மிச்சமிருந்தால் பென்சில் அழிப்பானால் தேய்த்தால் போதும். பூச்சு போய்விட்டது என்றால், தகட்டில், ஈயம் ஒட்டிப் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் பசையைத் தடவி, பேட்டரி தொடும் இடம் முழுவதும் சால்டர் ஈயத்தை மெல்லிய படலமாகப் பரப்புங்கள். ஈயப்படலம் துருப்பிடிக்காது. ஸ்பிரிங் வெகுவாக அரித்திருந்தால், பழுதான டிவி ரிமோட்டிலிருந்து ஒன்றை எடுத்து மாற்றிவிடுங்கள்.

சுவிட்சையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் சுவிட்ச் என்பது ஒரு தகடு இன்னொரு தகட்டின் மேல் சறுக்குவதுதான். தொடும் இடத்தைத் துடைத்து, சறுக்கும் தகட்டைச் சாமணத்தால் சிறிது வளைத்து அழுத்தத்தைக் கூட்டுங்கள். எல்லாம் முடிந்த பிறகு, தகடுகள் அனைத்திலும் வாசலினை விரலில் ஒட்டும் அளவே எடுத்துத் தடவுங்கள். உப்பு ஈரம் உலோகத்தைத் தொடாமல் அது காக்கும்.

6. பல்சக்கரமும் அச்சும்

சக்கர அச்சில் முடி, நூல், மணல் சுற்றியிருக்கும். சாமணத்தால் எடுத்துவிட்டு, பல்சக்கரங்களைச் சோப்புத் தண்ணீரில் துலக்கி, நல்ல தண்ணீரில் அலசி, முழுக்க உலர்ந்த பின் பொருத்துங்கள்.

மோட்டார் அச்சில் உள்ள சிறிய பல்சக்கரத்துக்குப் பினியன் என்று பெயர். அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு பல்லுக்கும் இடைப்பட்ட பள்ளத்தைப் பாருங்கள். ஏதாவது ஒரு பள்ளத்தில் மயிரிழை போன்ற கோடு நீளவாக்கில் ஓடினால் அது வெடித்திருக்கிறது. அச்சைவிடச் சற்றே சிறிய துளை கொண்டதாக இறுக்கிச் செருகப்படுவதால், வெப்பத்திலும் காலப்போக்கிலும் பிளாஸ்டிக் அந்த இடத்தில்தான் பிளக்கும். வெடித்த பினியன் அச்சில் வழுக்கும். சுமை ஏறும்போதெல்லாம் டக் டக் என்று ஒலிக்கும்.

அதைச் சூப்பர் பசையால் ஒட்ட வேண்டாம். அந்தப் பசை நீரைப் போல ஓடி மோட்டாரின் தாங்கிக்குள் இறங்கி, மோட்டாரையே இறுக்கிவிடும். புதிய பினியன் வாங்கும்போது அச்சின் விட்டத்தையும் பற்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். இத்தகைய சிறிய மோட்டாரின் அச்சு பெரும்பாலும் 2 மில்லிமீட்டர். எட்டுப் பல் இருந்த இடத்தில் பத்துப் பல் போட்டால் வேகம் நான்கில் ஒரு பங்கு கூடும் என்பது கணக்கில் சரி. ஆனால் இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் மாறாதபோது பெரிய பினியன் அடுத்த சக்கரத்தின் மேல் அழுந்தி இறுகும். எண்ணிக்கையை மாற்றாமல் இருப்பதே நல்லது.

பல்சக்கரப் பற்களுக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும். அதுவும் பல்லின் பள்ளம் நிரம்பாத அளவு. உலோக அச்சு சுழலும் துளைக்கு ஊசி முனையில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் போதும். ரப்பர் சக்கரத்தில் எண்ணெய் பட்டால் உடனே ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

7. பிடிப்பும் எடையும்

இயக்குச் சக்கரங்களில் மட்டும் மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். அது காய்ந்து பளபளத்தால் சக்கரம் சுழலும், வண்டி ஏறாது. அதே விட்டமுள்ள சிலிக்கான் வளையம் மோட்டார் பம்ப் பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும். இரு பக்கச் சக்கரத்திலும் ஒரே தடிமன் உள்ளதையே போடுங்கள். ஒரு பக்கம் தடித்திருந்தால் வண்டி ஒருபுறமாக இழுத்து, வளைவில் தடம் புரளும்.

இன்னும் வழுக்கினால் எடை சேர்க்கலாம். வலையில் கட்டும் சிறிய ஈயக்குண்டுகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. பாம்பனிலும் மண்டபத்திலும் மீன்பிடிச் சாமான் கடைகளில் கிடைக்கின்றன; துருப்பிடிக்காதவை; சிறிய இடத்தில் அடங்குபவை. இயக்கு அச்சுக்கு நேர் மேலே, முடிந்தவரை தாழ்வாக, நடுவில் பொருத்துங்கள். 10 கிராமில் தொடங்கி, வழுக்கல் நிற்கும் அளவோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் சேர்க்கும் எடை பேட்டரியை வீணாக்கும். ஈயம் நச்சுப்பொருள் என்பதால் அதைச் சூடேற்றினால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயிலோ டேப்பிலோ முழுக்கச் சுற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொள்ளுங்கள். குழந்தைகள் விளையாடும் வண்டியில் ஈயம் வைக்கவே வேண்டாம்.

இப்போது மூன்றாம் படியில் செய்த அளவீடுகளை மீண்டும் செய்யுங்கள். பெரும்பாலான வண்டிகள் இந்த இடத்திலேயே தேறிவிடும். மோட்டாரைத் தொட வேண்டிய அவசியமே வராது.

8. மோட்டாரை மாற்றுதல்

இந்த வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது 130 வகை எனப்படும் சிறிய மோட்டார். அதன் உடல் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 15 உயரம். உருவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சுற்றிய கம்பி வேறுபடும். 3 வோல்ட்டுக்கானது, 6 வோல்ட்டுக்கானது, 12 வோல்ட்டுக்கானது எல்லாமே வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும். கடையில் எத்தனை வோல்ட் என்று கேட்டு வாங்காவிட்டால், 12 வோல்ட் மோட்டாரைக் கொண்டுவந்து 1.5 வோல்ட்டில் அது ஏன் அசையவில்லை என்று திகைக்க நேரிடும்.

பந்தயக் கார்களுக்கான அதிவேக மோட்டாரையும் தவிர்க்கலாம். அவை இழுக்கும் மின்னோட்டத்துக்கு வண்டியின் மெல்லிய வயரும் சறுக்குச் சுவிட்சும் தாங்காது. சுவிட்ச் அருகில் பிளாஸ்டிக் உருகிய வண்டிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ரயிலுக்கு வேண்டியது சீரான இழுவை. வளைவில் வேகம் கூடிப்போனால் முதலில் கவிழ்வது பெட்டிகள்தான்.

சால்டரிங் செய்யும்போது மோட்டாரின் முனையில் சூட்டை மூன்று வினாடிக்கு மேல் வைக்காதீர்கள். முனையைத் தாங்கும் பின்மூடி பிளாஸ்டிக். அது இளகினால், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் உள்ளே சாய்ந்துவிடும். இரு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட செராமிக் கண்டன்சர் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். பிரஷில் எழும் பொறியால் உண்டாகும் இரைச்சலை அது குறைக்கும். பின்னால் ரிமோட் பொருத்த நினைப்பவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.

9. பேட்டரியை மாற்றுதல்

ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட்தான் என்பதால் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அதன் உள்தடை குறைவு. சுமையில் சாதாரணப் பென்சில் பேட்டரி போலச் சரிந்துவிடாது. தினமும் ஓட்டும் வண்டிக்கு அதுவே சிறந்தது, கசிவதும் குறைவு.

14500 எனப்படும் லித்தியம் பேட்டரி, பென்சில் பேட்டரியின் அதே உருவத்தில் வரும். உருவம் ஒன்றுதான், மின்னழுத்தம் ஒன்றன்று: 3.7 வோல்ட், முழுதாக ஏறியபோது 4.2 வோல்ட். ஒற்றைப் பேட்டரி வண்டியில் அதை அப்படியே போட்டால் மோட்டார் ஏறத்தாழ மூன்று மடங்கு மின்னழுத்தத்தில் ஓடிக் கருகும். இரண்டு பேட்டரி வண்டியில் இரண்டு போட்டால் 8 வோல்ட்டைத் தாண்டிவிடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சர்க்யூட்டுக்குப் பின்னால் மட்டுமே இதைப் பயன்படுத்துங்கள்.

ரிமோட் அல்லது வேகக் கட்டுப்பாடு பொருத்துகிறவர்களுக்கு டிஆர்வி8833 என்ற மோட்டார் இயக்கிப் பலகை ஏற்றது. அது 2.7 முதல் 10.8 வோல்ட் வரை வேலை செய்யும் என்பதால் ஒரே ஒரு லித்தியம் பேட்டரி போதும். சார்ஜ் செய்ய டிபி4056 பலகையில் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பலகை வரும்போதே 1 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றும்படி 1.2 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்திருக்கும். சிறிய 14500 பேட்டரிக்கு அது அதிகம். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 3 கிலோஓம் வைத்தால் 400 மில்லிஆம்பியராகக் குறையும். பேட்டரி சூடாகாமல் ஏறும்.

10. விளக்கு

வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஒற்றைப் பேட்டரி வண்டியில் அது எரியாததற்கு அதுதான் காரணம், எல்இடி பழுதில்லை. லித்தியம் பேட்டரி வண்டியில் 100 ஓம் ரெசிஸ்டரோடு இணைத்தால் போதிய வெளிச்சம் வரும். கடைசிப் பெட்டிக்குச் சிவப்பு விளக்கு வைக்க விரும்பினால், வயரைப் பெட்டிகளுக்கு இடையே இழுக்காமல் அந்தப் பெட்டியிலேயே தனிப் பேட்டரி வையுங்கள். இறுகிய வயர் வளைவில் பெட்டியைத் தடம் புரளச் செய்யும்.

11. வண்ணம்

நீல ஐசிஎஃப் பெட்டியாகவோ, சிவப்பும் சாம்பலும் கலந்த எல்எச்பி பெட்டியாகவோ மாற்றிப் பூசுவது பலருக்கும் ஆசை. முதலில் சோப்பால் கழுவி, வாலைவடிநீரில் அலசி, 800 எண் நீர் உப்புத்தாளால் மென்மையாகத் தேயுங்கள். பிறகு பிரைமர், அதன் மேல் மெல்லிய பூச்சுகள். ஒரே தடவையில் கனமாகப் பூசினால் கதவு, ஜன்னல் வரிகள் நிரம்பி மறைந்துவிடும். தின்னர் சில பிளாஸ்டிக்கைக் கரைக்கும். உடலின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகே வெளியே பயன்படுத்துங்கள்.

நேரம் பார்த்துப் பூச வேண்டும். மதியத்துக்கு மேல் எழும் கடற்காற்று ஈரத்தையும் நுண்ணிய உப்பையும் கொண்டுவரும். ஈரமான காற்றில் ஸ்பிரே பெயிண்ட் வெளுத்துப் பனிபடர்ந்ததுபோல் ஆகிவிடும். பனி விலகி வெயில் ஏறிய காலை நேரம் ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வண்ண வேலையை ஒத்திவைத்து, பழுது வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

12. தண்டவாளமும் தூக்குப் பாலமும்

தண்டவாளத்தை நேரடியாகச் சிமெண்ட் தரையில் விரிக்காமல், பிளைவுட் பலகையில் பொருத்துங்கள். மணல் ஏறாது, இணைப்புகள் அசையாது. ஏற்றம் ஒரு மீட்டருக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஏற்றமும் வளைவும் ஒரே இடத்தில் வந்தால் சக்கரங்கள் பக்கவாட்டில் உரசும்; நேர்ப் பாதையில் ஏற்றி, மேலே போய் வளையுங்கள்.

இந்தக் கரையில் பொம்மை ரயில் வைத்திருப்பவர் எவரும் என்றாவது பாம்பன் பாலத்தைச் செய்யாமல் விடுவதில்லை. கத்தி எடுப்பதற்கு முன் அளவைக் கணக்கிடுங்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நீளம் ஏறக்குறைய 2.08 கிலோமீட்டர். 1:87 அளவில், அதாவது 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால், முழுப் பாலம் 24 மீட்டர் ஆகும். எந்த வீட்டிலும் இடம் இருக்காது. ஆனால் மேலெழும் தூக்குப் பகுதி 72.5 மீட்டர்தான், அதே அளவில் அது 83 சென்டிமீட்டர். மற்ற ஒவ்வொரு கண்ணும் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) 18.3 மீட்டர்; அது 21 சென்டிமீட்டர் ஆகும். தூக்குப் பகுதியும் இரு பக்கமும் மும்மூன்று கண்களும் வைத்தால் ஏறக்குறைய 2.1 மீட்டர் நீளத்தில் பாலம் அடையாளம் தெரியும்படி அமைந்துவிடும். உண்மையான தூக்குப் பகுதி 17 மீட்டர் எழும், மாதிரியில் 19.5 சென்டிமீட்டர் எழுந்தால் பொருத்தமாக இருக்கும். பொம்மை ரயில்கள் சரியான விகிதத்தில் செய்யப்படுபவை அல்ல. உங்கள் வண்டி நுழையும் அளவுக்கு அகலத்தையும் வாயில் உயரத்தையும் மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தூக்குப் பகுதியை மோட்டாரின் பலத்தால் மட்டும் இழுக்க முயல வேண்டாம். இரு கோபுரங்களின் மேலும் கப்பி வைத்து, நூலின் மறுமுனைகளில் தூக்குப் பகுதியின் எடைக்குச் சமமான எதிர்எடைகளைத் தொங்கவிட்டால், பல்சக்கரப் பெட்டியோடு வரும் சிறிய என்20 மோட்டாரே போதும். இரண்டு பக்க நூலும் ஒரே அச்சில் சுற்ற வேண்டும். தனித்தனி மோட்டார் வைத்தால் ஒரு பக்கம் முந்தி, பாலம் சாய்ந்து இறுகும். மேலும் கீழும் ஒவ்வொரு மைக்ரோ சுவிட்ச் வைத்து, எல்லையில் மோட்டார் தானாக நிற்கும்படி செய்யுங்கள்.

தண்டவாளத் துண்டுகளின் இணைப்பு நாக்கு, பாலம் இறங்கும்போது தடுக்கும். அதை வெட்டிவிட்டு, கூம்பு முனை கொண்ட இரண்டு ஊசிகளைத் தூக்குப் பகுதியின் அடியிலும் அவற்றுக்குரிய துளைகளைக் கோபுரத்தின் அடியிலும் வையுங்கள். இறங்கும்போது அவையே பாலத்தைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது: பேட்டரி ரயில் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை. பாலம் திறந்திருப்பது அதற்குத் தெரியாது. நேராகப் போய்க் கீழே விழும். ஆகவே பாலத்துக்கு முன்பு, பாலம் எழும்போது தானும் எழும் ஒரு மெல்லிய மேட்டைத் தண்டவாளத்தின் நடுவில் வையுங்கள். அது எஞ்சினின் அடிப்பகுதியைச் சற்றே தூக்கி, இயக்குச் சக்கரங்கள் தண்டவாளத்தைத் தொடாமல் செய்தால் வண்டி நின்ற இடத்திலேயே சக்கரம் சுழற்றிக்கொண்டு காத்திருக்கும். பாலம் இறங்கியதும் மேடும் இறங்கும், வண்டி புறப்படும்.

13. சேகரிப்பைக் காப்பது

பெட்டியும் எல்லாப் பாகங்களும் குலையாமல் கிடைத்த வண்டியை மாற்றியமைக்காதீர்கள். வெட்டுவது, துளையிடுவது, வண்ணம் மாற்றுவது போன்ற திரும்பப் பெற முடியாத வேலைகளை ஏற்கெனவே உடைந்த வண்டிகளில் மட்டும் செய்யுங்கள். நல்ல வண்டிகளுக்குத் தகடு துடைப்பது, கிரீஸ் மாற்றுவது வரை போதும்.

ஓட்டாத வண்டியில் பேட்டரியை ஓர் இரவு கூட விட்டுவைக்காதீர்கள். ரப்பர் வளையம் பதித்த காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். ஜெல் மணிகளைத் துணிப்பையிலிருந்து கொட்டி, ஓவனில் 110 டிகிரி அளவில் உலர்த்தினால் மீண்டும் ஆரஞ்சு நிறத்துக்கு வரும். சிலர் டப்பாவில் அரிசி போடுகிறார்கள். அது மாவுத் தூசியைப் பரப்பி, வண்டையும் அழைத்துவரும்.

பெட்டிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டாம். நம் கோடையில் அது இளகி உடலில் ஒட்டிக்கொண்டு தழும்பு விட்டுவிடும். மிருதுவான பிவிசி உறையும் காலப்போக்கில் பிளாஸ்டிக்கைப் பிசுபிசுக்கச் செய்யும். வெள்ளைப் பருத்தித் துணியோ அமிலமற்ற தாளோ போதும். ஜன்னல் வெயில் விழும் அலமாரியில் வைத்தால் வெள்ளை உடல்கள் மஞ்சளடிக்கும்.

மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வண்டியையும் எடுத்துச் சில நிமிடம் ஓட்டுங்கள். பிரஷும் சுவிட்சும் தம்மைத்தாமே தேய்த்துத் துடைத்துக்கொள்ளும். கிரீஸ் ஒரே இடத்தில் உறையாது. அப்போதே பத்துச் சுற்று நேரத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, ஒரு நோட்டில் வண்டியின் எண்ணுக்கு எதிரே எழுதிவையுங்கள். எந்த வண்டியின் மின்னோட்டம் மாதாமாதம் ஏறுகிறதோ அதன் அச்சையும், எதன் மின்னோட்டம் இறங்குகிறதோ அதன் தகட்டையும் முதலில் திறந்து பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களையும் தூக்கி எறியாமல், அதே எண் எழுதிய ஜிப் பையில் போட்டு அந்த வண்டியின் டப்பாவிலேயே வையுங்கள்.